காய்ச்சல் வாரத்துப் பன்னிரண்டு குஷன்

ஆணியண்ணன் பேசிக் கேட்டவர்கள் எங்கள் தெருவில் குறைவு. பேசத் தெரியாதவர் இல்லை, வாயில் இடமில்லை. சோபாவுக்கு ரெக்சின் இழுத்துக் கட்டுகிறவர்கள் சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார்கள். நாக்காலேயே ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இடது கை ரெக்சினை இழுத்துப் பிடித்திருக்கும். வலது கைச் சுத்தியலின் ஒரு முனையில் காந்தம் இருக்கும். அது உதட்டிலிருந்தே ஆணியைக் கவ்விக்கொண்டு போய் மரச்சட்டத்தில் வைக்கும். காலை ஒன்பது மணிக்கு வாயில் போட்டால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் துப்புவார். அப்படி வந்த பெயர்தான் ஆணி. அவருடைய சொந்தப் பெயரை எழுதியவர்கள் தெருவில் இரண்டே பேர். ஒருவர் அவருடைய முதலாளி. இன்னொருவன் நான்.

நான் பக்கத்துக் கடைக்காரன். ஜெராக்ஸ் எடுப்பேன், பில் புத்தகம் அடிப்பேன், பாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பேன். பதினொரு வருஷத்துக்கு முன் குஷன் கடை அண்ணன் என் கடைக்கு வந்து, "தம்பி, இவன் பேர்ல ஒரு பில் புக் அடிச்சுக் குடு" என்றார். பின்னால் ஆணியண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இவர் என்னண்ணே, தனியா கடை போடப் போறாரா?"

"கடையா? இவனா? வாடிக்கைக்காரன் வந்தா வாயத் திறந்து வாங்கன்னு சொல்லணுமேப்பா! அதில்ல. இவன வேலையாள்னு எழுதினா மாசாமாசம் இவன் பேர்ல ஒரு பங்கு கட்டணும், காப்பீடு கட்டணும், பாரத்து மேல பாரம். வெளியாளு, பீஸுக்கு வேலை செய்யறவன்னு எழுதினா வருஷத்துக்கு ஒரே ஒரு பாரம். இன்னாருக்கு இவ்வளவு குடுத்தேன்னு வரி ஆபீஸ்ல சொல்லிட்டா முடிஞ்சுது. என்ன, வெளியாளுன்னா அவன் பில் குடுக்கணும். அதுக்குத்தான் புக்கு."

அடித்துக் கொடுத்தேன். மேலே ஆணியண்ணன் பெயர், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தப் புத்தகம் ஒருநாள்கூட ஆணியண்ணன் வீட்டுக்குப் போனதில்லை. முதலாளியின் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளியே எத்தனை குஷன், எத்தனை சோபா, என்ன கூலி என்று எழுதுவார். ஆணியண்ணன் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போவார். வாரம் முழுக்க உழைத்தவன் உட்கார்ந்து எழுத வேண்டாம் என்பதுதான் எண்ணம். எனக்கும் அது உதவியாகத்தான் பட்டது. தீர்ந்த புத்தகத்துக்குப் பதிலாக நானே ஒன்பது முறை புதிது அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வருஷ மழைக்கு முன்னாலேயே ஆணியண்ணன் கை போக ஆரம்பித்துவிட்டது. முதலில் இடது கை மோதிர விரல் மரத்தது, பிறகு கட்டைவிரல், பிறகு வலது கையும். ரெக்சினை இழுத்துப் பிடித்தால் பிடி நழுவி, சுத்தியல் நகத்தின் மேல் விழும். வலிக்கவில்லை என்பார். அதுதான் பயமாக இருந்தது. இந்தத் தொழிலில் இருபது வருஷ இழுப்பிலும் அடிப்பிலும் நரம்பு நைந்துவிட்டது, இனித் திரும்பாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கடைசி நாள் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பி, துடைத்து, டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. கடைக்குள் காகிதமெல்லாம் நமுத்து மெஷினில் சிக்கியது. பக்கத்துக் கடையில் ஸ்பாஞ்ச் வாடை. அப்படி ஒரு காலையில் குஷன் கடை அக்கா முந்தானைக்குள் ஒரு கவரை ஒளித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இத ரெண்டு காப்பி எடு. படிச்சுச் சொல்லு. உங்க அண்ணன் ரெண்டு நாளா சாப்பிடல."

தொழிலாளர் நல ஆபீஸ் கடிதம். வேலையில் உடம்பு கெட்டவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. வேலையாள் என்று பதிவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆணியண்ணன் மனைவி எழுதிப் போட்டிருக்கிறாள். 'இவர் உங்கள் வேலையாளா, வெளியாளா? வெளியாள் என்றால் அவர் கொடுத்த பில்களோடு வெள்ளிக்கிழமை நேரில் வரவும்.' வரி ஆபீஸுக்கு வருஷாந்திரப் பாரம் கொடுக்கக் கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமை. இரண்டு ஆபீஸும் ஒரே கட்டடத்தில் எதிர் எதிர் அறைகள்.

"வேலையாள்னு சொல்லிட்டா என்ன ஆகும் தம்பி?"

"இத்தன வருஷம் கட்டாம விட்ட பங்கக் கேப்பாங்கக்கா. அபராதம் வேற."

"வெளியாளுன்னு சொன்னா?"

அப்படிச் சொன்னால் ஆணியண்ணனுக்கு ஒன்றும் கிடைக்காது. அவருக்கும் தெரியும். காப்பிகளை மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "ஆணியோட வீட்டுக்காரி என்னை அண்ணின்னுதான் கூப்பிடுவா" என்றார். மழைக்குள் இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மாப்பிள்ளை வந்தார். கணக்கு எழுதுவது அவர் தொழில். மாமனார் கடைக்கும் நாலு வருஷமாக அவர்தான் எழுதுகிறார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். கடையின் பின்பக்கம், தோல் உரித்த சோபா ஒன்றில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அக்கா டீயும் பன்னும் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் ஸ்பாஞ்ச் கட்டின் மேல் குந்தியிருந்தார். எப்போதும் நாலு பேர் பேச்சை ஒருவராகப் பேசுகிறவர், பன்னைப் பிய்த்துப் பிய்த்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் மாப்பிள்ளை. "பாரத்துல வெளியாளுன்னு இருக்கு, பில்லு இருக்கு, கையெழுத்து இருக்கு. ஒரே ஒரு ஓட்டை. பில் பூரா உங்க எழுத்து. வெளியாளு தன் பில்ல தானே எழுதுவான். உங்க பாரத்துல இருக்கற எழுத்தும் அதுல இருக்கற எழுத்தும் ஒண்ணுன்னு கண்ணு தெரியாதவன்கூடச் சொல்லிடுவான்."

"அவன் களைச்சுப் போயிருப்பான்னு நான் எழுதினேன் மாப்பிள்ளை."

"அத அங்க போய்ச் சொல்ல முடியுமா?"

"அப்ப என்ன பண்றது?" என்றார் அக்கா.

"கடைசி ஒரு வருஷத்து பில்தான் பாப்பாங்க. புதுசா ஒரு புக். அவரே அவர் கையால பாத்து எழுதட்டும். அம்பது பில்லு, நாலு நாளு." மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அண்ணே, பழைய புக்கு மாதிரியே அடிச்சுக் குடுக்கணும். காகிதம் பழசாத் தெரியணும்."

"வெயில்ல காயப்போட்டா மஞ்சளாயிடும். எங்க வெயில்?" என்றேன்.

"டீத்தண்ணியில முக்கி எடுத்தா?" என்றார் அக்கா. சொன்ன பிறகு தனக்கே வெட்கமாகிப் போய், "சீ, என்ன பேச்சு பேசறேன் நான்" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அந்தக் கையால எழுதச் சொல்றீங்களா மாப்பிள்ளை?" என்று அண்ணன் கேட்டார்.

மாப்பிள்ளை சோபாவின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு ஒரு நாற்காலிகூடக் கேட்காதவர். "மாமா, நாலு வருஷமா அந்தப் பாரத்துல கணக்கர்னு போட்டு என் கையெழுத்து இருக்கு. போச்சுன்னா கடை மட்டும் போகாது, என் பொழப்பும் சேர்ந்து போகும். உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணன் கையிலிருந்த பன்னை வைத்துவிட்டு எழுந்தார்.

விற்காமல் கிடந்து ஓரம் பழுத்த காகிதக் கட்டு ஒன்று என் கடைப் பரணில் இருந்தது. அதில் அடித்தேன். கடை திறந்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பது என் வழக்கம். அன்றைக்கு முதலில் மெஷினைப் போட்டேன். அடித்து முடித்த பிறகு கண்ணை மூடிப் பார்த்தேன். கடவுள் முன் நிற்க முடியவில்லை. தூசி தட்டுகிறவன் மாதிரி அங்கே இங்கே தட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணனும் நானும் ஒரே குடையில் போனோம். "நீயும் வா தம்பி, தனியாப் போனா என் காலு திரும்பிடும்" என்றார். ஆணியண்ணன் வீடு ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. அறைக்குள் கொடி கட்டி ஈரத் துணிகள். அவற்றை விலக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அடுப்பில் சோறு கொதித்தது. ஆணியண்ணன் மனைவி எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, எதை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கோணிப்பையை மடித்து வைத்தாள். அண்ணன் கோணிப்பையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ முதலாளி, மேல உக்காருங்க" என்று ஆணியண்ணன் எழுந்தார். வாயில் ஆணி இல்லாத அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. மெல்லிய, நல்ல குரல்.

"இருக்கட்டும்பா. கை எப்படி இருக்கு?"

"இருக்குது முதலாளி. எனக்குத்தான் அது இருக்கறது தெரியல" என்று சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

அண்ணன் சுற்றி வளைத்துச் சொன்னார். பாதியிலேயே ஆணியண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "அவ்வளவுதானே? குடுங்க, எழுதறேன்."

அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "இத எழுதிட்டா எங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. அது உங்களுக்குத் தெரியும்தானேண்ணே?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

அண்ணன் தலையைக் குனிந்து, இரண்டு புத்தகங்களையும் தரையில் எடுத்து வைத்தார்.

"விடு" என்றார் ஆணியண்ணன். "நான் சொல்லாம நீ எழுதிப் போட்டது தப்பு. பதினொரு வருஷம் சோறு போட்டவரு. அவரு கடைய மூடிட்டு நாம தின்னா அது உடம்புல ஒட்டுமா?"

"அவரு போடல, நீ உழைச்ச. நான் மாடியில மூணு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கறேன். எனக்கும் கை மரத்துப் போனா அப்புறம் யாரு?"

"எழுதிட்டுப் பேசிக்கலாம்."

பேனாவைப் பிடிக்கப் பார்த்தார். விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. பிறகு, வேலையில் ஒரு சிக்கல் வந்தால் எப்படி யோசிப்பாரோ அப்படிக் கொஞ்ச நேரம் யோசித்து, "அந்த நூல எடு" என்றார். குஷன் ஓரம் கட்டுகிற தடித்த நூல். "விரலோட வெச்சுக் கட்டு. இறுக்கமாக் கட்டு, வலிக்காது."

அவள் அவர் முகத்தையும் எங்கள் முகத்தையும் பார்த்தாள். உட்கார்ந்து கட்டினாள். மூன்று சுற்று, ஒரு முடிச்சு. அவள் கண்ணீர் அவர் மணிக்கட்டின் மேல் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்காது.

பழைய புத்தகத்தை இடப்பக்கம் திறந்து வைத்துக்கொண்டு எழுதினார். விரல் அசையாததால் தோளிலிருந்து எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு காத வழி நடந்து வந்தது போல இருந்தது. முதல் பில் முடியக் கால் மணி நேரம். இரண்டாவது. மூன்றாவது. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழைநீர் படிக்கட்டில் இறங்கி வாசலில் தேங்குகிற சத்தம்.

நாலாவது பில்லில் கை நின்றது.

"முதலாளி, இதுல பன்னெண்டு குஷன்னு இருக்கே."

"ஆமா. எழுது."

"இது அந்த வாரமாச்சே. நான் வேலைக்கே வரல. காய்ச்சல்ல கிடந்தேன்." மனைவியைப் பார்த்தார். "இவதானே வந்து சொன்னா?"

"ஆமாண்ணே, நான்தான் வந்து சொன்னேன்" என்றாள் அவள்.

"எழுதுப்பா, பழசுல இருக்கறத அப்படியே எழுது."

"செய்யாத குஷன எப்படி முதலாளி எழுதறது?" ஆணியண்ணன் உண்மையாகவே குழம்பிப்போய்க் கேட்டார். தன் பிழைப்பை எழுதிக் கொடுக்க அவருக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை. செய்யாத பன்னிரண்டு குஷன் அவர் கையைப் பிடித்துக்கொண்டது. "அப்ப நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டேன், அது வேற. இப்ப என் கையாலதானே எழுதணும்?"

அவர் மனைவி பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். நாலு வகுப்புப் படித்தவள், விரல் வைத்துத்தான் படிப்பாள். தேதிகளின் மேல் விரல் போய்ப் போய் நின்றது. "இது என் மாமியார் போன வாரம். எட்டு குஷன்னு போட்டிருக்கு... இது எனக்கு ஆபரேஷன் ஆனப்ப. பத்து நாள் இவரு ஆஸ்பத்திரியிலதான் கிடந்தாரு. பத்து குஷன், ஒரு சோபா." நிமிர்ந்தாள். "அந்த வாரமெல்லாம் பழைய பாக்கி இருக்குன்னு சொல்லித்தானே காசு குடுத்தனுப்பினீங்க? பாக்கியே இல்லையாண்ணே?"

அண்ணன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. பேச்சுக்கென்றே பிறந்தவர் அவர்.

"சும்மா குடுத்தா இவன் வாங்கமாட்டான்ல?" என்றார் கடைசியில்.

கொடியில் தொங்கிய சட்டையிலிருந்து நீர் சொட்டியது. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கோபப்பட வந்தவள் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஆணியண்ணன் மஞ்சள் காகிதத்தைப் பார்த்தபடி, "நீங்களே சொல்லுங்க முதலாளி, எத்தனைன்னு போடட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் முழங்காலில் நகர்ந்து கிட்டே போனார். அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். இறுகிப்போன முடிச்சு, பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. நூல் பதிந்த இடத்தில் விரல் நீலம் பாரித்திருந்தது. அதைத் தன் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

"போதும்பா" என்றார். "சோறு ஆறிடும், சாப்பிடு."

திரும்பி வரும்போது குடையை யார் பிடிப்பது என்பதைக்கூட மறந்துவிட்டோம். தெருமுனையில் நின்று, "தம்பி, கடை போச்சு" என்றார். போகட்டும் அண்ணே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடை என்னுடையதல்லவே.

வெள்ளிக்கிழமை காலை அக்கா பழைய பில் புத்தகங்கள் பத்தையும் பாலித்தீன் பையில் போட்டு, மழை புகாதபடி இரண்டு ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டேன். "நேத்து உங்க அண்ணன் போன்ல சொன்னாரு. மாப்பிள்ளை ஒண்ணும் பேசாம வெச்சுட்டாரு" என்றார். அக்கா கண் வீங்கியிருந்தது. ஆனாலும் வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சரிசெய்தார்.

அண்ணனும் நானும் போனோம். தொழிலாளர் நல ஆபீஸில் ஒரு அம்மா. ஜலதோஷம் போல, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே புரட்டினார்.

"இதெல்லாம் யாரு எழுதினது?"

"நான்தாங்க."

"அவர் பில்ல நீங்க எதுக்கு எழுதினீங்க?"

"அவரு என் வேலையாளுங்க. வெளியாளுன்னு எழுதினது நான் பண்ணின தப்பு. மாப்பிள்ளை நான் குடுத்ததப் பாத்துத்தான் எழுதினாரு, அவர் மேல தப்பில்ல." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, கேட்காமலேயே, "அதுல சில வாரம் செய்யாத வேலையும் எழுதியிருக்கேன். அதுவும் பொய்தாங்க" என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்தார். "செய்யாத வேலைக்கு எதுக்குக் காசு?"

"காய்ச்சல்ல கிடந்தாருங்க."

"இது?"

"அவங்க அம்மா தவறிட்டாங்க."

அவர் ஒவ்வொரு வாரமாகத் தேதியைக் கேட்டார். அண்ணன் பார்க்காமலேயே சொன்னார். பதினொரு வருஷத்தில் பத்தொன்பது வாரம். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க நாங்கதான் கண்டுபிடிக்கணும்னு விட்டிருந்தா, உங்க எழுத்துன்னு ஒண்ண வெச்சு நாங்க முட்டிக்கிட்டிருப்போம். களைச்சிருந்தாரு, எழுதிக் குடுத்தேன்னு நீங்க சொல்லியிருக்கலாம். ஆனா இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? வெளியாளுக்குக் காய்ச்சல் வந்தா யாருங்க காசு குடுப்பாங்க?" பாரத்தில் 'வேலையாள்' என்ற கட்டத்தில் டிக் போட்டார். முத்திரை குத்தினார். பிறகு தணிந்த குரலில், "அபராதத்த என்னால குறைக்க முடியாது. அது எதிர் ரூம். தவணை கேளுங்க, குடுப்பாங்க. நான் ஒரு சீட்டு எழுதித் தரேன்" என்றார். எழுதும்போது இரண்டு முறை தும்மினார். அண்ணன் அதற்கும் சேர்த்துக் கும்பிட்டார்.

தவணை கிடைத்தது. ஏழு வருஷத் தவணை. தையல் மெஷின் மூன்றில் இரண்டு போயிற்று, ஸ்பாஞ்ச் வெட்டுகிற மெஷினும் போயிற்று. கடையின் முன்பாதியை போன் உறை விற்கிறவருக்கு வாடகைக்கு விட்டார்கள். மாப்பிள்ளைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தொழில் தப்பியது, வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அவர் இன்றுவரை மாமனார் வீட்டுப் படி ஏறவில்லை. மகள் மட்டும் எப்போதாவது வந்து, சாயங்காலத்துக்குள் போய்விடுகிறாள். அவள் போன பிறகு அக்கா கொஞ்ச நேரம் என் கடை வாசலில் வந்து சும்மா நிற்பார். ஸ்டூலை நகர்த்திப் போடுவேன்.

ஆணியண்ணனுக்கு உதவித்தொகை வருகிறது. பெரிய தொகை இல்லை. அவர் மனைவி மூன்று வீட்டில் ஒரு வீட்டை விட்டிருக்கிறாள்.

மூன்று பில் எழுதிய அந்த மஞ்சள் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை. காலையில் கண்ணை மூடுவதற்கு முன் சில நாள் அதை எடுத்துப் பார்ப்பேன். அடித்தவன் நான் என்று அது எனக்கு ஞாபகப்படுத்தும். அதன் பிறகு நிற்க முடிகிறது.

கடையில் இப்போது ஆள் இல்லை. அறுபதைத் தாண்டிய அண்ணனே சட்டத்தின் முன் குனிந்து ரெக்சின் இழுக்கிறார். பழக்கமில்லாத வாய், ஆணி உதட்டைக் கிழித்துவிடுகிறது. காலை பத்து மணிக்கு ஆணியண்ணன் வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார். கைகள் இரண்டும் மடியில் யாருடையதோ போலக் கிடக்கின்றன. பேசுகிறார். மூலையில கூடுதலா மடிங்க முதலாளி, அங்கதான் முதல்ல கிழியும் என்கிறார். மழை, சோறு, மாடி வீட்டுக்காரர்கள் என்று பதினொரு வருஷத்துப் பேச்சையும் மெல்லிய குரலில் பேசுகிறார். சில நாள் நடுவில் நிறுத்தி, "மாப்பிள்ளை வந்தாரா முதலாளி?" என்று கேட்பார்.

அண்ணன் பதில் சொல்வதில்லை. வாய் நிறைய ஆணி.